திருமலைக்குப் போன பிள்ளைகளும் காற்றடிக்கும் மெஷினும்



இந்த மடலில் நான் வழக்கமாக எழுதுவது பிள்ளைகளின் நிறை, குடிதண்ணீர், லயத்துக் கூரை, சேமலாப நிதி போன்ற விசயங்கள்தான். இந்த முறை ஒரு மெஷினைப் பற்றி எழுதுகிறேன். நலன்புரி உத்தியோகத்தருக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வாசித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நமது தோட்டங்களிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் கொஞ்ச நஞ்சமல்ல. மா ஆலை, சீமெந்து ஆலை, படகு திருத்தும் இடம், ஓட்டல், கராஜ் என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். சிலர் ரோட்டோரத்தில் சொந்தமாக டயர் கடை போட்டிருக்கிறார்கள். டயர் கடைக்கு மூலதனம் என்ன? ஒரு கொட்டில், இரண்டு ஜெக், டயர் கழற்றும் இரும்பு, ஒட்டுப்போடும் சாமான், அதோடு காற்றடிக்கும் மெஷின். கொம்பிரசர் என்று சொல்கிறோமே, அதுதான். கரண்ட் மோட்டரில் ஓடுவது ஒரு வகை. பெற்றோல் எஞ்சினில் ஓடுவது மற்ற வகை. 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது மோட்டர் வைத்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள். அப்போது எஞ்சின் மெஷினுக்கு நல்ல மவுசு வந்தது. கரண்ட் கம்பி போகாத கொட்டில்களுக்கு இன்றைக்கும் அதுதான் கதி.

எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர் சீனக்குடாப் பக்கம் அப்படியொரு கடை வைத்திருக்கிறார். அம்மா கொழுந்து எடுத்துச் சேர்த்த வளையலை அடகு வைத்துத்தான் மெஷின் வாங்கினார். பாவித்த மெஷின். வாங்கிய சில மாதத்திலேயே காற்று ஏறவில்லை. பார்த்த ஒருவர், "பம்ப் முடிஞ்சுது, புதுசு போடணும்" என்று ஐம்பதாயிரத்துக்கு மேல் கணக்குச் சொல்லியிருக்கிறார். அம்மா என்னிடம் வந்து நின்றார். "ஐயா, இன்னும் ஒரு வளையல்தான் இருக்கு" என்றார். எனக்கு வேறு வேலையாகத் திருமலைக்குப் போக வேண்டியிருந்தது. போகிற போக்கில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன்.

நான் மெக்கானிக் இல்லை. சாதாரண தரம் முடித்து இந்த உத்தியோகத்துக்கு வருமுன் இரண்டு வருடம் தேயிலைப் பெக்டரி வேர்க்‌ஷொப்பில் ஸ்பெனர் எடுத்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். ஆனால் அங்கே இருந்த பழைய பாஸ் ஒருவர் சொல்லித் தந்த ஒரு முறை மறக்கவில்லை. காற்று எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியாகவே நீயும் போ, நடுவில் குதிக்காதே என்பார்.

ஆகவே முதலில் காற்றின் வழியைச் சொல்கிறேன். சைக்கிள் பம்ப் தெரியும்தானே? அதையே ஓயாமல் அடிக்கிற மாதிரிதான் இந்த மெஷினும். எஞ்சின் சுற்றுகிறது. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் பம்பின் பெரிய சில்லைச் சுற்றுகிறது. பம்புக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது பில்டர் வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது, மேலே ஏறும்போது நெருக்கித் தள்ளுகிறது. இழுக்கும் வழி ஒன்று, தள்ளும் வழி ஒன்று. இரண்டுக்கும் கதவு மாதிரி மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கின்றன. இவைதான் வால்வு. தள்ளப்பட்ட காற்று ஒரு குழாய் வழியாக டாங்கிக்குப் போகிறது. டாங்கியின் வாயில் போன காற்று திரும்பி வராதபடி ஒரு செக் வால்வு.

இங்கேதான் எஞ்சின் மெஷினுக்கும் மோட்டர் மெஷினுக்கும் வித்தியாசம். டாங்கி நிறைந்ததும் கரண்ட் மெஷினில் ஒரு சுவிட்ச் மோட்டரை நிறுத்திவிடும், குறைந்ததும் தானே போடும். எஞ்சினை அப்படித் தானாக நிறுத்தித் தானாகக் கயிறு இழுக்க முடியாதல்லவா? அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். டாங்கி நிறைந்ததும் அன்லோடர் என்ற சிறிய வால்வு திறந்து, பம்ப் தள்ளுகிற காற்றை வெளியே விட்டுவிடும். அதே நேரம் ஒரு கேபிள் வழியாக எஞ்சினின் வேகத்தையும் குறைக்கும். டயர் கடை மெஷின்களில் பெரும்பாலும் கேஜில் 120 இறாத்தல் வந்ததும் இது நடக்கும், 95, 100க்கு இறங்கியதும் மறுபடி வேலை தொடங்கும். (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்பதுதான் அந்தக் கணக்கு.) அன்லோடர் மக்கர் பண்ணினால் கடைசிக் காவலாக டாங்கியில் சேப்டி வால்வு இருக்கிறது. இழுத்துப் பார்க்க ஒரு வளையம் தொங்கும், அதுதான் அடையாளம்.

இனித் தம்பியின் கடைக்கு வருவோம். நான் போனபோது மெஷின் ஸ்டார்ட் ஆவதே பெரும்பாடாக இருந்தது. கயிற்றை இழுத்தால் கையைத் திருப்பி அடித்தது. டாங்கியில் பழைய காற்று கொஞ்சம் நின்றிருந்தது. அன்லோடர் வேலை செய்யாததால் பம்புக்கும் டாங்கிக்கும் நடுவிலுள்ள குழாயிலும் காற்று நெருக்கப்பட்டிருந்தது. எஞ்சின் அந்தப் பாரத்தை எதிர்த்துச் சுற்ற வேண்டியிருந்தது. டாங்கியின் அடியிலுள்ள தண்ணீர்க் கொக்கைத் திறந்து, அன்லோடரின் சிறு நெம்பையும் தூக்கிவிட்டு இழுத்தோம். இரண்டாவது இழுப்பில் பிடித்தது.

அப்படியும் பிடிக்காவிட்டால் எஞ்சினைப் பார்க்க வேண்டும். பழைய பெற்றோல்தான் பாதிக் குற்றவாளி. மாதக்கணக்கில் கேனில் கிடந்த பெற்றோல் வீரியம் கெட்டுப்போகும், கடற்கரைப் பக்கம் ஈரக்காற்று வேறு. 2022இல் கியூ.ஆர். கோட் காட்டிப் பெற்றோல் வாங்கிய காலத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிப் பழகியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது புகையும் கரியும்தான் தரும். பிளக்கைக் கழற்றித் துடையுங்கள். எஞ்சின் பில்டரைத் தட்டிப் பாருங்கள். இன்னொன்று, பல எஞ்சின்களில் ஒயில் குறைந்தால் தானாக நிறுத்தும் ஏற்பாடு உண்டு. மெஷினைச் சரிவில் வைத்தாலும் ஒயில் குறைந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும். எஞ்சின் போய்விட்டது என்று லொறியில் ஏற்றிக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். கல் ஒன்றை வைத்து மட்டம் பண்ணினால் போதும்.

எஞ்சின் ஓடியது. கேஜ் முள் 20, 40 என்று ஏறி 60இல் நின்றுவிட்டது. அதற்கு மேல் அசையவே இல்லை. எஞ்சின் மட்டும் கதறிக்கொண்டிருந்தது. பம்ப் முடிந்தது என்று சொன்னவர் இதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை நானா என்றே கூப்பிடுகிறார்கள். அவரையும் கூப்பிட்டுக்கொண்டோம்.

முதலில் பெல்ட். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு தாழ வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் பெல்ட் வழுக்குகிறது, கீச்சென்று சத்தம் வரும், கறுப்புத் தூள் கொட்டும். தம்பியின் பெல்ட் சரியாக இருந்தது, ஆனால் மேலே மூடும் கம்பிக்கூடு இல்லை. சாரத்தோடு வேலை செய்கிற இடத்தில் அது இல்லாமல் ஓட்டுவதைப் பார்த்து நானா ஏசத் தொடங்கிவிட்டார். பிறகு பில்டர். ரப்பர்த் தூளும் மணலும் ஒட்டி அப்பளம் போலிருந்தது. பம்ப் மூச்சு எடுக்கவே வழியில்லை. அதைக் கழற்றியதும் முள் 60இலிருந்து 65க்குப் போனது. ஆக, குற்றத்தில் ஒரு பங்கு அங்கே.

அடுத்தது ஒழுக்கு. எஞ்சினை நிறுத்திவிட்டு, சவர்க்காரத் தண்ணீரை நுரைக்க வைத்து ஒவ்வொரு மூட்டிலும் பூசினோம். எங்கே குமிழி வருகிறதோ அங்கே காற்று போகிறது. ஹோஸ் மூட்டில் ஒரு குமிழி வந்தது, நாடா சுற்றி இறுக்கினோம். சவர்க்காரம் ஐந்து சதச் செலவுதான், ஆனால் இதைச் செய்து பார்க்காமல் பம்பை மாற்றியவர்கள் எத்தனையோ பேர். நிறுத்திய பிறகு பம்ப் பக்கமோ அன்லோடர் ஓட்டையாலோ 'உஸ்' என்று காற்று வந்துகொண்டே இருந்தால் செக் வால்வில் அழுக்கு. அதைக் கழற்றுமுன் டாங்கியிலுள்ள காற்று முழுவதையும் விட்டுவிட வேண்டும், முள் பூச்சியத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வால்வு துப்பாக்கிக் குண்டு மாதிரி வந்து முகத்தில் அடிக்கும்.

பிறகுதான் நானா தன் வித்தையைக் காட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, பில்டர் இருந்த துவாரத்துக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தார். நல்ல பம்ப் என்றால் கையை உள்ளே இழுக்கத்தான் வேண்டும். இது இழுக்கவும் செய்தது, திருப்பி ஊதவும் செய்தது. "இழுக்கிற வால்வு மூடுதில்ல, பம்புக்கு ஒண்டும் இல்ல" என்றார். ஹெட்டைக் கழற்றினோம். இரண்டு சிலிண்டர். ஒன்றில் இழுக்கும் தகட்டின் நுனி உடைந்திருந்தது. மற்றதில் தகட்டுக்குக் கீழே மிளகு அளவு கரிக்கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. கதவிடுக்கில் கல் வைத்தால் கதவு எப்படி மூடும்? உள்ளே போகிற காற்றில் பாதி வந்த வழியே போய்விடுகிறது. 60 இறாத்தலுக்கு மேல் போவதும் வருவதும் சமம்.

கரி எப்படி வந்தது? பம்புக்குத் தனி ஒயில் இருக்கிறது. கொம்பிரசர் ஒயில் என்று கேட்டு வாங்க வேண்டும். தம்பி எஞ்சினுக்கு ஊற்றுவதையே இரண்டுக்கும் ஊற்றியிருக்கிறார். அதோடு பில்டரும் அடைபட்டு, பம்ப் சூடேறி, ஒயில் கருகித் தகட்டில் படிந்துவிட்டது. ஒயில் கூடினாலும், ரிங் தேய்ந்தாலும் ஒயில் காற்றோடு போகும். ஹோஸ் நுனியை ஒரு வெள்ளைக் கடதாசிக்கு நேரே பிடித்தால் பொட்டுப் பொட்டாக விழுவதைப் பார்க்கலாம். ஒயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள். 'டொக் டொக்' என்று தட்டினால் முதலில் சில்லின் ஆணியை இறுக்கிப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் பேரிங் என்று பயப்பட வேண்டும்.

புதுத் தகடுகளும் கெஸ்கட்டும் திருமலை டவுனில் கிடைத்தன. சில ஆயிரத்தோடு முடிந்தது. தகடு உட்காரும் இடத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தோம், உளியால் சுரண்டவில்லை. ஒரு கீறல் விழுந்தாலும் மறுபடி ஒழுகும். ஹெட் போல்ட்களை ஒரேயடியாக இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார் நானா.

மெஷினை ஓட்டினோம். மூன்று நிமிடம் ஆகவில்லை, முள் 100ஐத் தாண்டியது. தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அம்மாவுக்குப் போன் எடுக்கவே போய்விட்டார். 120 வந்தது. எஞ்சின் வேகம் குறையவில்லை. 130. 140. சேப்டி வால்வும் வாயைத் திறக்கவில்லை. நானா ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தி, எங்கள் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு கொட்டிலுக்கு வெளியே வந்துவிட்டார். தூரத்தில் நின்று, ஹோஸ் வழியாகக் காற்று முழுவதையும் இறக்கினோம்.

பிறகு போய்ப் பார்த்தால், சேப்டி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட் முறுக்கப்பட்டிருந்தது! முன்பு வைத்திருந்த யாரோ, வால்வு அடிக்கடி ஊதுகிறது என்று கழற்றி எறிந்துவிட்டு அடைத்திருக்கிறார்கள். அன்லோடர் துருவும் தண்ணீரும் ஏறி இறுகிக் கிடந்தது. டாங்கியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு வைத்து வெல்டிங் பண்ணி, மேலே பெயின்ட் அடித்திருந்தது.

"இவ்வளவு நாளா ஒண்ணும் ஆகலையே சேர்" என்றார் தம்பி. எப்படி ஆகும்? இவ்வளவு நாளும் பம்ப் 60ஐத் தாண்டவில்லை. கெட்டுப்போன பம்ப்தான் கெட்டுப்போன டாங்கியைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நாங்கள் பம்பைத் திருத்திய அந்த நிமிடத்திலிருந்துதான் உண்மையான ஆபத்து தொடங்கியது. திருமலையிலிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் நான் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

டாங்கி அடியில் ஏன் துருப்பிடிக்கிறது என்று சொல்கிறேன். திருமலைக் காற்றில் ஈரம் அதிகம். வெப்பமான, ஈரமான நாளில் ஒரு கன மீற்றர் காற்றில் இருபது கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாக இருக்கும். அந்தக் காற்றை ஒன்பதில் ஒரு பங்காக நெருக்கும்போது தண்ணீருக்கு இடம் போதாது, பெரும்பங்கு டாங்கியின் அடியில் இறங்கிவிடும். நன்றாக வேலை நடக்கிற ஒரு மணித்தியாலத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை நிறையத் தண்ணீர் சேர்ந்துவிடும். அதைத் திறந்துவிடாமல் மாதக்கணக்கில் வைத்தால் இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே அப்பளம். தம்பி வாங்கிய நாளிலிருந்து அடிக்கொக்கை ஒரு நாளும் திறந்ததில்லை. நாங்கள் திறந்தபோது காப்பி நிறத்தில் தண்ணீர் வந்தது.

அது வெடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. டாங்கியின் பக்க மூடி 16 அங்குலக் குறுக்களவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 200 சதுர அங்குலம். 120 இறாத்தலால் பெருக்கினால் 24,000 இறாத்தல், பத்து தொன்னுக்கு மேல். ஒரு சின்ன மூடியின் மேல் பத்து தொன் எந்நேரமும் சாய்ந்துகொண்டு நிற்கிறது. சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்தில் கட்டிய அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவார்கள். அவற்றுக்குள் இப்படி நெருக்கிய காற்று இல்லை. டயர் கடை மூலையில் கிடக்கிற சின்ன டாங்கிக்குத்தான் பயப்பட வேண்டும்.

டாங்கி நல்லதா கெட்டதா என்று தண்ணீரை வைத்துத்தான் சோதிக்க வேண்டும், காற்றை வைத்துச் சோதிக்கவே கூடாது. நானாவுக்குத் தெரிந்த வேர்க்‌ஷொப்பில் டாங்கியை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பி, உள்ளே காற்றே இல்லாமல் பண்ணி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றினார்கள். பாவிக்கும் அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 180 வரை தாங்க வேண்டும். 110இலேயே வெல்டிங் ஓரத்தால் தண்ணீர் வியர்வை மாதிரி வழிந்தது. தண்ணீரை நெருக்க முடியாது, அதனால் பிளந்தாலும் சீறிப் பாயாது. அதே இடத்தில் காற்று இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பொத்தல் விழுந்த டாங்கிக்கு மேலே தகடு வைத்து ஒட்டுவது வேண்டாம். ஓரிடத்தில் ஓட்டை என்றால் சுற்றிலும் இரும்பு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம், வெல்டிங் சூடு அதை இன்னும் கெடுக்கும். பழைய டாங்கியை இரும்புக் கடைக்குக் கொடுக்குமுன் நானா அதில் ட்ரில் போட்டுப் பெரிய ஓட்டையாக இரண்டு ஓட்டை போட்டார். இல்லாவிட்டால் இன்னொருவர் வாங்கிப் பெயின்ட் அடித்து விற்பார்.

புது டாங்கிக்கு வந்த செலவு, பம்புக்குச் சொன்ன விலையிலும் குறைவு. அன்லோடரைக் கழுவிப் போட்டதும் 120க்குப் படக்கென்று திறந்தது, எஞ்சின் அடங்கியது. அடங்கும்போது எஞ்சின் நின்றே போனால் ஐட்லிங் குறைவு, கொஞ்சம் கூட்ட வேண்டும். மறுபடி பாரம் ஏறும்போது நின்றால் எஞ்சின் பில்டரையும் பெற்றோலையும் பாருங்கள். நிறைந்தும் அடங்காமல் சேப்டி வால்வு ஊதினால் குற்றம் அன்லோடரில். ஊதுகிற சேப்டி வால்வை இறுக்குவதும், அடைப்பதும் வீட்டில் நெருப்புப் பிடிக்கிறது என்று கத்துகிற நாயை அடிக்கிற மாதிரி. சிலருக்கு இரண்டு சிலிண்டரில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக உள்ள மெஷின் இருக்கும். அதில் இரண்டுக்கும் நடுக் குழாயிலுள்ள சின்ன சேப்டி வால்வு ஊதினால் சின்ன சிலிண்டரின் தகடு பழுது என்று அர்த்தம்.

இன்னும் சில ஆபத்துகள். மாரி காலத்தில் மழைச்சாரலுக்குப் பயந்து கொட்டிலை நாலு பக்கமும் மூடிவிட்டு உள்ளே எஞ்சினை ஓட்டுவார்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு வாசனையே கிடையாது. தலைவலி, மயக்கம், அவ்வளவுதான் தெரியும், அதற்குப் பிறகு ஆள் எழும்ப மாட்டார். மெஷின் நனையக் கூடாது என்றால் மேலே கூரை போடுங்கள், பக்கங்களை மூடாதீர்கள். இதே காரணத்தால்தான் இந்த மெஷினின் காற்றை மூச்செடுக்கப் பாவிக்கவே கூடாது. அந்தக் கடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் முழுகுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம பிள்ளை யாரிடமாவது, "டயர் கடை மெஷினில் ஒரு ஹோஸைப் பிடித்துக்கொண்டு இறங்கலாம்" என்று சொன்னால் மாட்டேன் என்று சொல்லச் சொல்லுங்கள். ஒயில் ஆவியும் எஞ்சின் புகையும் நெஞ்சுக்குள் போகும். விளையாட்டுக்குக் கூட்டாளியின் உடம்பில், பின்பக்கத்தில் காற்றடிப்பது இன்னொரு பைத்தியக்காரத்தனம். குடல் கிழிந்து ஆள் செத்துப்போக அது போதும்.

முதலாளியிடம் வேலை செய்கிற பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒன்று. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் இந்தக் காற்று டாங்கிகளைப் பற்றித் தனியாகவே சொல்லியிருக்கிறது. சேப்டி வால்வு, கேஜ் இருக்க வேண்டும், தகுதியுள்ளவர் காலத்துக்குக் காலம் சோதிக்க வேண்டும். வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்கலாம். "கைச்செலவுக்கு இதை வச்சுக்கோ" என்று கொடுப்பதை வாங்கிக்கொண்டு வெற்றுக் கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டாம். ஆஸ்பத்திரித் துண்டு, மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு என்னிடமோ, தொழிற்சங்கத்திடமோ, தொழில் திணைக்கள அலுவலகத்திலோ வந்து சொல்லுங்கள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். டாங்கிக் கதையைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன், பிறகு சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "காசு அனுப்பணுமாங்கையா, இல்ல அவன வரச் சொல்லணுமா?" என்று கேட்டார். இரண்டும் வேண்டாம், போன் எடுக்கும்போதெல்லாம் "இன்னைக்குத் தண்ணி தெறந்து விட்டியா?" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். இப்போது ஒவ்வொரு நாள் இராத்திரியும் கேட்கிறாராம். தம்பிக்கு அது பெரிய கரைச்சலாக இருக்கிறது என்று கேள்வி.

பாவித்த மெஷின் வாங்க நினைக்கிறவர்கள் பணத்தைக் கொடுக்குமுன் டாங்கியில் எத்தனை இறாத்தல் தாங்கும் என்று பொறித்த தகடு இருக்கிறதா, அடியில் வெல்டிங் இருக்கிறதா, சேப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் ஊதுகிறதா, அடிக்கொக்கில் என்ன நிறத்தில் தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். தகட்டை உரசி அழித்திருந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள். பம்ப் ஒயிலைப் புது மெஷினில் 50 மணித்தியாலத்தில் ஒருமுறை மாற்றினால் நல்லது. எஞ்சின் ஒயில் முதல் தடவை 20 மணித்தியாலத்தில், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை.

கடைசியாக, திருமலையிலிருந்து மெஷினை நம்ம மலைக்குக் கொண்டு வர நினைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று ஏறி வந்து இங்கே வைத்ததும், "அங்கே நல்லா இருந்துச்சு, இங்க வந்து கெட்டுப் போச்சு" என்பார்கள். கெட்டுப்போகவில்லை. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சினுக்கும் மூச்சு குறைவு, பம்புக்கும் ஒவ்வொரு இழுப்பிலும் காற்று குறைவு. டாங்கி நிறையக் கூட நேரம் எடுக்கும். காபரேட்டரில் பெற்றோல் கூடுதலாக விழுந்து கரும்புகை தள்ளும், பிளக் கறுக்கும். பாஸிடம் சொல்லிக் காபரேட்டருக்கு உயரத்துக்கு ஏற்ற சின்ன ஜெட் போட்டுக்கொள்ளுங்கள். அதே மெஷினைத் திருப்பிக் கடற்கரைக்கு இறக்கினால் பழைய ஜெட்டைப் போட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், சின்ன ஜெட்டோடு அங்கே ஓட்டினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறிப் பிடித்துவிடும். கழற்றிய ஜெட்டை ஒரு சிறு போத்தலில் போட்டு மெஷினிலேயே கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.